சுவரோரம் உட்கார்ந்தவனின் கால்

மகனே,

நீ பேசி முடித்த பிறகும் உன் அம்மா அவரைக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. அவள் எப்போதும் போனைச் சத்தமாக வைத்துத்தான் பேசுவாள் என்பது உனக்குத் தெரியும். ஆகவே நீ சொன்னது எனக்கும் கேட்டது, உன் தங்கச்சி கோமதிக்கும் கேட்டது, சன்னல் திறந்திருந்ததால் பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். தங்கச்சி கல்யாணத்துக்கு வருகிறேன், லீவு எடுத்துவிட்டேன், பெண்டாட்டி பிள்ளையோடு வருகிறேன் என்றெல்லாம் அழகாகச் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒன்று சொன்னாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். "செவுத்தோரம் ஒக்காந்திருந்தவன் கால நான் கழுவணுமாம்மா? வேற யாரையாச்சும் பாருங்களேன்லா." இதற்குப் பதிலை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீ பாதியிலேயே விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவாய். அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். கடைசிவரை படி. படிப்பில் கெட்டிக்காரன்தானே நீ.

கல்யாணத்தன்று மாப்பிள்ளை கோயில் வாசலுக்கு வந்ததும், பெண்ணோடு கூடப்பிறந்தவன் செம்புத் தண்ணீரால் அவன் காலைக் கழுவி, சந்தனம் வைத்து, மாலை போட்டு, கையைப் பிடித்து உள்ளே அழைத்து வரவேண்டும். மாப்பிள்ளை பதிலுக்கு மச்சான் விரலில் ஒரு மோதிரம் போடுவான். இதில் யாரும் யாருக்கும் அடிமை இல்லை. என் கல்யாணத்தில் உன் தாய்மாமன் எனக்குக் கழுவினார். அவர் அப்போது தானா ராத்தாவில் அரசாங்க உத்தியோகத்தில் இருந்தார், நான் தேயிலைக் காட்டில் முதுகில் டின்னைக் கட்டிக்கொண்டு மருந்தடித்துக்கொண்டிருந்தேன். விரல் இடுக்கில் இருந்த மண்ணைக்கூட அவர் விடாமல் தேய்த்துக் கழுவினார். என் ரிப்போர்ட் கார்டை அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே கல்யாணம் நின்றிருக்கும், நீ பிறந்திருக்கவும் மாட்டாய், ஏழு ‘ஏ’ எடுத்திருக்கவும் மாட்டாய்.

மாப்பிள்ளை குணா உட்கார்ந்திருந்த அந்தச் சுவரை நீ மறக்கவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். உன் மனைவி நகரத்துப் பிள்ளை, அவளுக்கு இது புரியாது, அதனால் அவளும் படிக்கட்டும் என்று விவரமாக எழுதுகிறேன். நம் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் ஆறாம் ஆண்டுக்கு ஒரே ஓர் அறை. அப்போதிருந்த தலைமையாசிரியர் அந்த அறையை இரண்டாக்கினார். சன்னலோரம் உட்காருபவர்கள் யூ.பி.எஸ்.ஆர். அரசாங்கத் தேர்வில் ‘ஏ’ வாங்கி அவர் பெயரைக் காப்பாற்றப் போகிறவர்கள். பின்சுவரோரம், விளக்குமாறும் வாளியும் இருந்த பக்கம் உட்காருபவர்கள் அதைக் கெடுக்கப் போகிறவர்கள். தேர்வு வருஷக் கடைசியில். ஆனால் அவர் சனவரி மாதமே பிரித்துவிட்டார். சன்னலோரத்துக்கு மாலை வகுப்பு, பிரிஞ்சாங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்த கணக்கு வாத்தியார், இடைவேளையில் ஒரு கப் மைலோ, பிஸ்கட். சுவரோரத்துக்குப் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை. வருஷக் கடைசியில் சன்னலோரம் ‘ஏ’ வாங்கியது, சுவரோரம் வாங்கவில்லை. நான் அப்பவே சொன்னேன் பாத்தீங்களா என்று அவர் பெற்றோர் கூட்டத்தில் நெஞ்சை நிமிர்த்தினார்.

நான் வேலைக்காரர்களையும் தேயிலைச் செடிகளையும் மேய்த்துக் கிழடான மண்டோர். ஒரு நிரைக்கு உரம் போட்டு, களை பிடுங்கி, பக்கத்து நிரையைச் சும்மா போட்டுவிட்டு, பிறகு வந்து இந்த நிரையில்தான் கொழுந்து அடர்த்தியாக வரும் என்று எனக்கு முன்கூட்டியே தெரியும் என்று நான் சொல்லியிருந்தால் துரை என்னை அன்று மத்தியானமே வீட்டுக்கு அனுப்பியிருப்பார். அதையே பள்ளிக்கூடத்தில் செய்தவருக்கு நாம் பொன்னாடை போர்த்தினோம். விளையும் பயிர் முளையிலே தெரியும் என்று பழமொழி வேறு. அதைச் சொன்னவர் எங்கள் மலைக்கு வந்து நாற்றுப் பாத்தி பார்த்திருக்கமாட்டார். பாத்தியில் முதலில் தலைதூக்கிய கன்று காட்டில் நட்டதும் சுருண்டு போவது உண்டு, சவலையாகக் கிடந்தது வேர் பிடித்துக்கொள்வதும் உண்டு. மிச்சமெல்லாம் சும்மா செடியாக வளர்ந்து, சும்மா கொழுந்து கொடுக்கும். அந்த மிச்சத்தைப் பற்றித்தான் யாரும் பழமொழி சொல்வதில்லை.

எனக்கும் ஒரு வாத்தியார் ஜோசியம் சொன்னார். நீ மாடு மேய்க்கத்தான்டா லாயக்கு என்று என் காதைத் திருகிக்கொண்டே சொன்னார். அவர் கீழே ஏதோ ஊரிலிருந்து மாற்றலாகி வந்தவர். இந்த மலையில் மேய்க்க மாடு எங்கே இருக்கிறது என்றுகூட அவர் யோசிக்கவில்லை. கிளி ஜோசியக்காரனாவது கிளிக்கு ஒரு நெல்மணி கொடுத்துவிட்டுச் சீட்டை எடுக்கச் சொல்வான், பலிக்காவிட்டால் அடுத்த திருவிழாவுக்கு இந்தப் பக்கம் வரமாட்டான். வாத்தியார் சொன்ன ஜோசியம் பலித்தாலும் அவருக்குப் பெருமை, பலிக்காவிட்டாலும் நான் திட்டியதால்தான் இவன் முன்னுக்கு வந்தான் என்று அதற்கும் பெருமை. இப்படி ஒரு வியாபாரம் கிடைத்தால் நான்கூடச் செய்வேன்.

அடுத்தது அந்த பேனர். நீ ஏழு ‘ஏ’ எடுத்ததும் எஸ்டேட் நுழைவாயிலில் கட்டினார்களே, உன்னையும் எஸ்டேட் ஆபீஸ் கிராணி மகளையும் தொழிற்சாலை டிரைவர் மகனையும் கழுத்து வரைக்கும் வெட்டி ஒட்டி, மேலே ‘நாளைய மருத்துவர்கள்’ என்று போட்டு. தேயிலையைப் படம் பிடிக்க வந்த சுற்றுலாக்காரர்கள் அதன் முன்னால் நின்றும் படம் எடுத்துக்கொண்டார்கள். ஏதோ தேர்தல் என்று நினைத்திருப்பார்கள். நீங்கள் மூன்று பேரும் இன்றைக்கு நன்றாகத்தான் இருக்கிறீர்கள், சோற்றுக்குக் குறைவில்லை, ஆனால் மூவரில் ஒருவரும் இதுவரை யாருக்கும் ஒரு மாத்திரைகூட எழுதிக் கொடுத்ததில்லை. கிராணி மகள் சிங்கப்பூரில் கணக்கு எழுதுகிறாள். டிரைவர் மகன் பிரிஞ்சாங்கில் ஓட்டல் வைத்திருக்கிறான், அதுவும் மாமனார் ஓட்டல். நீ கண்ணாடிக் கட்டடத்தில் காப்புறுதி பாலிசி விற்கிறாய். பேனரை என்ன செய்தோம் என்று நீ இதுவரை கேட்டதில்லை. நல்ல தடிமனான பேனர் அது. உன் அம்மா அதைக் கோழிக் கூண்டுக்குக் கூரையாகப் போட்டிருக்கிறாள். எழுத்து மழையில் போகக்கூடாது என்று உங்கள் முகங்களை உள்பக்கமாகத் திருப்பிக் கட்டியிருக்கிறாள். கோழிகள் தினமும் உங்களை அண்ணாந்து பார்க்கின்றன.

அந்தத் தேர்வாவது இருக்கிறதா? அதுவும் இல்லை. அரசாங்கமே, இது பிள்ளைகளுக்குத் தேவையில்லாத சுமை என்று சில வருஷங்களுக்கு முன்பு அதை எடுத்துவிட்டது. செய்தி வந்த அன்று உன் அம்மா சுவரில் மாட்டியிருந்த உன் சான்றிதழைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் சிரித்தேன், அவள் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. யார் மேலே, யார் கீழே என்று நம் லைன் வீடுகளில் இருந்த அத்தனை குடும்பத்தையும் பிரித்து வைத்த பரீட்சை அது. அதற்காக விரதம் இருந்தோம், மொட்டை போட்டோம். அதைப் போட்டவர்களே, சரி வேண்டாம் என்று ஒரு நாள் காலையில் தூக்கிப் போட்டுவிட்டார்கள். ஊருக்குப் போய்விட்ட துரை எழுதிக் கொடுத்த கடுதாசியை வைத்துக்கொண்டு புது மேனேஜரிடம் அதிகாரம் பண்ணப் பார்க்கிற பழைய கங்காணி மாதிரி இருக்கிறது நீ பேசுவது.

பென்சில் பூஜை உனக்கு ஞாபகம் இருக்கும். தேர்வுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, எழுதப் போகிற பிள்ளைகளின் பென்சில்களைத் தட்டில் அடுக்கி அம்மன் காலடியில் வைத்து எடுத்துக் கொடுப்பது நம் கோயிலில் வழக்கம். தேர்வு போனாலும் பூஜை போகவில்லை, இப்போது வேறு ஏதோ பரீட்சைக்கு நடக்கிறது. அந்த வருஷம் தலைமையாசிரியர் கமிட்டிக்குச் சொல்லி அனுப்பினார், சன்னலோரத்துப் பிள்ளைகளின் பென்சில் மட்டும் தட்டில் இருந்தால் போதும் என்று. அம்மனுடைய அருளும் மைலோ மாதிரி அளவாகத்தான் வருகிறது, சுவரோரத்துக்குப் போனால் வீண் என்று நினைத்தாரோ என்னவோ. கமிட்டியும் தலையாட்டியது. கோயிலில்கூட மார்க் பார்த்துத்தான் விபூதி என்று முடிவெடுத்த ஊர் உலகத்தில் வேறெங்கும் இருக்காது, நம் எஸ்டேட்டைத் தவிர. நானும் உன் பென்சில்களோடு வரிசையில் நின்றேன். அவை தட்டின் நடுவில் இருக்கின்றனவா என்பதுதான் அன்றைக்கு என் கவலை.

அப்போது பாக்கியம் வந்தார். குணாவின் அம்மா. கொழுந்தெடுக்கப் போகிற வழி, முதுகில் கூடை, தலையில் துணி. அந்தத் துணி முடிச்சிலிருந்து ஒரு பென்சிலை எடுத்து நீட்டினார். புதுசு, சீவிக்கூட இல்லை. கோயில் பொருளாளர் அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "ஒன் மகன் செவுத்தோரந்தானே பாக்கியம். அவனுக்கு எதுக்கு இது?" என்றார். திட்டவில்லை, கத்தவில்லை, விசாரித்து விவரம் சொல்கிற குரலில் சொன்னார். அதுதான் கேட்கச் சகிக்கவில்லை. சன்னலோரத்துப் பிள்ளைகள் நீங்கள் சிரித்தீர்கள். நீ சிரித்ததைக் குற்றமாகச் சொல்ல வரவில்லை, உனக்குப் பன்னிரண்டு வயது, பெரியவர்கள் சிரிக்கச் சொல்லிக் கொடுத்திருந்தோம். பாக்கியம் பென்சிலை வாங்கிக்கொண்டார். வெளியே வந்து, வாசலில் நட்டிருந்த சூலத்தில் இருந்த குங்குமத்தைத் தொட்டு அந்தப் பென்சிலில் தானே தடவிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். மாப்பிள்ளையை நிறுத்திக் கால் கழுவுகிற இடம் அதே சூலத்துக்குப் பக்கத்தில்தான். பாக்கியம் அங்கேதான் நிற்பார், மாப்பிள்ளையின் தாயாக, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு.

இதற்குள் நீ ஒன்று நினைத்திருப்பாய். அப்பா கடைசியில் குணா இப்போது பெரிய பணக்காரன், முதலாளி, படிக்காத மேதை என்று முடிக்கப் போகிறார் என்று. அந்தக் கதையை எனக்குச் சொல்ல வராது. அப்படிக் கதை சொல்கிற ஒருவர் போன வருஷம் நம் மண்டபத்துக்கு வந்தார். தன்முனைப்புப் பேச்சாளராம். காதுக்குப் பக்கத்தில் மைக்கை ஒட்டிக்கொண்டு மேடையில் இங்கும் அங்கும் நடந்தார். பள்ளியில் தோற்ற கோடீஸ்வரர்கள் பெயராக அடுக்கிவிட்டு, தோல்விதான் வெற்றிக்கு முதல் படி, எல்லாரும் கை தட்டுங்க என்றார். எல்லாரும் தட்டினார்கள். பள்ளியில் தோற்றால் கோடீஸ்வரன் ஆகலாம் என்றால் நம் லைன் முழுக்கக் கோடீஸ்வரர்கள்தான் இருக்க வேண்டும், இந்த எஸ்டேட்டையே நாம் வாங்கியிருக்க வேண்டும். மார்க்தான் எல்லாம் என்கிறவனும் ஜோசியக்காரன், மார்க் எடுக்காதே முன்னுக்கு வருவாய் என்கிறவனும் ஜோசியக்காரன். இவனுடைய கிளிக்குச் சீட்டுதான் வேறே.

குணா மேதை இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கம்போங் ராஜாவிலிருந்து கோஸும் பூவும் ஏற்றிக்கொண்டு மலையிறங்குகிற லோரி ஓட்டுகிறான். கோமதி பூவை அடுக்கிக் கட்டுகிற கொட்டகையில்தான் பழக்கம். கேட்டால் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வான். சாப்பாட்டை யாரோ பிடுங்கிக்கொள்ளப் போகிற மாதிரி வேகமாகச் சாப்பிடுவான். நம் வீட்டு முன்னால் மோட்டாரை எப்போதும் குறுக்காகத்தான் நிறுத்துவான், நானும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். பணக்காரனும் இல்லை, பிச்சைக்காரனும் இல்லை. நான் சொன்னேனே, சும்மா வளர்ந்து சும்மா கொழுந்து கொடுக்கிற செடி, அந்த ரகம். உன் தங்கச்சிக்கு அவனைப் பிடித்திருக்கிறது. அவன் பேசும்போது அவள் சிரிக்கிறாள், எனக்கு அதில் சிரிக்க ஒன்றும் தெரியவில்லை, அது அவர்கள் பாடு.

அவன் பெண் கேட்டு வந்த அன்று நடந்ததை உன்னிடம் நான் சொல்லவில்லை. அம்மாவையும் சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு வந்தான். தட்டு மாற்றுவதற்கு முன்பு, யாரும் எதுவும் கேட்காமலே, தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். "மாமா, நான் படிப்புல ஒன்னும் கெடையாது. ஒங்க மகனுக்குத் தெரியும், நான் செவுத்தோரம். பின்னால தெரிஞ்சி நீங்க வருத்தப்படக் கூடாது, அதான் இப்பவே சொல்லிட்டேன்." எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. முப்பது வயதைத் தாண்டியவன், கொட்டும் மழையில், லைட் இல்லாத வளைவுகளில் லோரியை ஏற்றி இறக்குகிறவன், திருட்டு ஏதோ செய்துவிட்டு ஜெயிலுக்குப் போய் வந்ததைச் சொல்கிற மாதிரி தான் ஆறாம் ஆண்டில் உட்கார்ந்த இடத்தைச் சொல்கிறான். அந்தத் தலைமையாசிரியர் அந்த நேரத்தில் எதிரில் இருந்திருந்தால் வயதானவர் என்றுகூடப் பார்த்திருக்கமாட்டேன். பிறகுதான் யோசித்தேன். அவர் ஒருவர் சொன்னதால் மட்டும் இது நடக்கவில்லை. சன்னலோரம் இருந்த நீ நம்பினாய், சுவரோரம் இருந்த அவன் உன்னைவிட அதிகமாக நம்பினான். ஜோசியம் பலிப்பது அப்படித்தான். கேட்டவனே அதற்கு ஏற்ற மாதிரி வாழ்ந்து காட்டிவிடுகிறான்.

படிப்பு வேண்டாம் என்று நான் சொன்னதாக உன் மனைவியிடம் போய்ச் சொல்லாதே. எழுத்துக் கூட்டத் தெரியாதவன் கையெழுத்துப் போட்ட இடத்திலெல்லாம் ஏமாந்ததை நான் பார்த்திருக்கிறேன். நீ படித்ததால் உனக்கு வெயில் மழை படாத வேலை கிடைத்தது, உன் அம்மா பட்ட முதுகுவலி உனக்கு இல்லை, எனக்கு அதில் சந்தோஷம்தான். படித்ததற்குக் கூலி அது, வாங்கிக்கொண்டாய். அதற்கு மேல் என்ன வேண்டும் உனக்கு? வாழ்நாள் முழுக்க மற்றவன் எழுந்து நிற்க வேண்டுமா? போன தீபாவளிக்கு வந்தபோது நீதான் புலம்பினாய், உன் மேனேஜர் உன்னைவிடக் குறைவாகப் படித்தவர், ஆனால் உன் தலைமேல் உட்கார்ந்திருக்கிறார் என்று. அவரிடம் போய், நீங்கள் சின்ன வயதில் சன்னலோரமா சுவரோரமா என்று கேட்டாயா? கேட்கமாட்டாய். தினமும் காலையில் குட் மார்னிங் சொல்கிறாய். சம்பளம் கொடுக்கிற இடத்தில் சுவர் உன் கண்ணுக்குத் தெரிவதில்லை. லோரி ஓட்டுகிறவன் வந்து நின்றால்தான் தெரிகிறது.

உன் மகன் பாலர் பள்ளியில் பட்டம் வாங்கிய வீடியோவை அனுப்பியிருந்தாய். ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கறுப்பு அங்கி, தலையில் சதுரத் தொப்பி, தொப்பி மூக்கில் வந்து விழுகிறது, அவன் அழுகிறான், நீங்கள் கை தட்டுகிறீர்கள். அவன் எதில் பட்டம் வாங்கினான் என்று கேட்டேன், நீ பதில் போடவில்லை. அதே வாரம் உன் மனைவி உன் அம்மாவுக்குப் போன் செய்து, பையன் பென்சிலைச் சரியாகப் பிடிப்பதில்லையாம், மற்ற பிள்ளைகளைவிட மெதுவாக இருக்கிறானாம், டீச்சர் எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று சொல்லி அழுதாள். பாவம் அவள். நீயும் ராத்திரியெல்லாம் தூங்குவதில்லையாம். அவனுக்கு ஐந்து வயது. அவன் எந்தப் பக்கம் உட்காரப் போகிறான் என்று இப்போதே உனக்குப் பயம் வந்துவிட்டது. வரத்தான் செய்யும். சுவர்ப் பக்கம் உட்கார்ந்தவனை எப்படி நடத்துவார்கள் என்று உனக்கு நன்றாகத் தெரியும், நீயே அப்படி நடத்துகிறவன். எனக்கு என் பேரனைப் பற்றிக் கவலையில்லை. அவன் மெதுவாகவே பிடிக்கட்டும். பென்சில் எங்கேயும் ஓடிப்போகாது.

நீ போனில் பேசியது முழுவதையும் கேட்ட கோமதி அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அழவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, "அண்ணன் கழுவலன்னா பரவால்லப்பா. ஆனா வந்து ஒக்காந்துகிட்டு அவருக்கு மார்க்கு போடக் கூடாது. அப்படின்னா வரவே வேணாம்" என்றாள். உன்னை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாத பிள்ளை அவள். நீ சாப்பிட்டு எழுந்த தட்டை எடுத்துக்கொண்டு போனவள், அண்ணன் படிக்கிறான் என்று டி.வி.யைக்கூடப் போடாமல் இருந்தவள். அவளைக்கூட இப்படிப் பேச வைத்துவிட்டாய்.

ஆகவே விஷயத்துக்கு வருகிறேன். உன்னைக் கெஞ்சுவதற்கு நான் எழுதவில்லை. உன் சித்தப்பா மகன் இருக்கிறான், அவனும் கோமதிக்கு அண்ணன் முறைதான். கேட்டேன், சரி பெரியப்பா என்று உடனே சொல்லிவிட்டான். செம்பைப் பிடிக்க ஆள் இல்லாமல் சடங்கு நிற்காது, உன் இடம் காலியாக இருக்கும் என்று கனவு காணாதே. நீ விருந்தாளியாக வந்து முன் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகலாம், உனக்கு முன்வரிசைதான் பழக்கம். இந்த அளவில் கடிதத்தை முடித்து உறையில் போட்டிருப்பேன். ஆனால் நேற்று பாக்கியம் வீட்டுக்கு வந்தார்.

பத்திரிகை கொடுக்க விட்டுப்போன இரண்டு வீட்டுக்கு நேரில் சொல்ல நம் பக்கம் வந்தவர், உன் அம்மா கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். "அண்ணே, தம்பி கண்டிப்பா வருவாங்கதானே? நல்லாப் படிச்ச புள்ள. அவங்க கையால தண்ணி ஊத்தி உள்ள கூட்டிட்டுப் போனா எம்மவனுக்கு இனிமே எல்லாம் நல்லா இருக்கும்ணே. அன்னிக்குத்தான் அவனுக்கு எதுவும் கெடைக்கல." உன் அம்மா சமையல்கட்டுக்குள் போய்விட்டாள். நான் வருவான் என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது? நீ எடுத்த ஏழு ‘ஏ’வை நாங்கள் கோழிக்கூண்டின்மேல் போட்டுவிட்டோம், அரசாங்கம் குப்பையில் போட்டுவிட்டது, உன் ஆபீஸில் யாருக்கும் அது ஞாபகம் இல்லை. இந்த உலகத்தில் அதை இன்னும் சாமி மாதிரி நினைத்துக் கும்பிடுகிற ஒரே மனுஷி அவர்தான். தன் மகனுடைய பென்சிலை வாங்காத தட்டில் பென்சில் வைத்தவன் கையில்தான் மகனுக்கு ஆசீர்வாதம் இருக்கிறது என்று நம்புகிறார். அவர் நினைக்கிற அளவுக்கு உன் கையில் ஒன்றுமில்லை என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதை அவருக்குத் தெரியாமல் காப்பாற்றுவது உன் பொறுப்பு.

குணா உன் விரல் அளவு கேட்டான். தெரியாது என்றேன். பேனா பிடிக்கிற விரல்தானே மாமா, மெலிசாத்தான் இருக்கும் என்று சொல்லி அவனே ஓர் அளவில் மோதிரத்துக்குச் சொல்லிவிட்டான். பெரிதாக இருந்தால் நூல் சுற்றிப் போட்டுக்கொள். முதல் நாளே வந்துவிடு, காலைப் பனியில் மலையேறினால் உன் பிள்ளை வாந்தியெடுப்பான். ஸ்வெட்டர் எடுத்து வா. முகூர்த்தம் விடிந்த கையோடு, அந்த நேரத்தில் கோயில் குழாய்த் தண்ணீர் எலும்பைக் குத்தும். செம்பில் வெந்நீர் கலந்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். உன் கைக்காக இல்லை, மாப்பிள்ளையின் காலுக்காக.

உன் அப்பா